மழை பெய்த பிற்பகலில் எண்பத்தேழு டிகிரி

நான் அளக்காத வெப்பநிலையை அளந்ததாக எழுதினேன். ஒரு நாள், இரண்டு நாள் அல்ல, பதினோரு மாதங்கள். அந்தப் பொய்யால் ஒரு பெண்ணின் வாழ்க்கை வேறு திசைக்குப் போனது. என் மகளைத் தன் வீட்டில் வைத்துக் காப்பாற்றிய பெண் அவர்!

பத்து ஆண்டுகளாக இதை மூடி வைத்திருந்தேன். சென்ற ஆண்டு ஒரே ஒருவரிடம் சொன்னேன். அதிலும் மனம் முழுதாகத் தேறவில்லை. ஆகவே உங்களிடம் சொல்கிறேன். நீங்கள் என்னை அறியமாட்டீர்கள். தெரிந்தவர்களிடம் சொன்னால் எதையாவது குறைத்துச் சொல்லிவிடுவேனோ என்று எனக்கு என்மேலேயே பயம்.

ஐம்பத்தேழாம் ஆண்டு அது. எனக்கு இருபத்தாறு வயது. சிங்கப்பூர் நகருக்கு வெளியே, ஒரு புல்வெளியின் நடுவில் இருந்த சிறிய வானிலை நிலையத்தில் கருவிகளைப் பார்த்துக் குறிப்பெழுதும் வேலை. புல்வெளியில் நான்கு கால்கள்மேல் ஒரு வெள்ளை மரப்பெட்டி நிற்கும். வெயில் நேரே படாமல் காற்று மட்டும் புகுந்து போகும்படி அதன் பக்கங்களில் சாய்வான சட்டங்கள். உள்ளே ஃபாரன்ஹீட் டிகிரி காட்டும் வெப்பமானிகள். மணிக்கொரு முறை கதவைத் திறந்து, என் மூச்சுச் சூடு கண்ணாடியில் படுவதற்குள் பாதரசம் நிற்குமிடத்தைப் பார்த்து, பதிவேட்டில் எழுதவேண்டும். நண்பகல் பன்னிரண்டிலிருந்து மாலை ஆறு வரை அங்கே நான் ஒருவனே. பதிவேடு வாரம் ஒருமுறை நகரிலிருந்த தலைமை அலுவலகத்துக்குப் போகும்.

அந்த வேலைக்கு என்னை விண்ணப்பிக்கச் சொன்னவர் பிலோமினா அக்கா. சிராங்கூன் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு தெருவில், கடைக்கு மேலிருந்த ஓர் அறையில் நானும் என் மனைவி ருக்மணியும் குடியிருந்தோம். இரண்டு வீடு தள்ளி அவரும் அவருடைய தாயார் மரியம்மாவும். என்னைவிட நான்கைந்து வயது மூத்தவர், மணமாகாதவர். தலைமை அலுவலகத்தில் கணக்கீட்டு எழுத்தராக இருந்தார். எங்களைப் போன்றவர்கள் எழுதி அனுப்பும் எண்களைக் கூட்டி, சராசரி எடுத்து, அட்டவணையாக்கும் வேலை. எண்களோடு அவருக்கிருந்த நெருக்கம் எனக்கு அப்போது முழுதாகப் புரியவில்லை. தேக்கா சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு வருகையில்கூட ஏதாவது ஒரு கணக்கு அவர் மனத்துக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

அந்த ஆண்டின் தொடக்கத்தில் ருக்மணிக்கு இருமல் வந்தது. நிற்கவில்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுக் காசநோய் என்றார்கள். அன்றைக்கே மருத்துவமனையில் சேர்த்துக்கொண்டார்கள். எங்கள் மகள் வள்ளிக்கு அப்போது இரண்டு வயது.

தெருவில் செய்தி பரவியதும் எங்கள் படியேறி வருவதைப் பலர் நிறுத்திக்கொண்டார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். எல்லார் வீட்டிலும் குழந்தைகள் இருந்தார்கள். ஆனால் மரியம்மா மறுநாள் காலையே வந்தார். வள்ளியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, “மத்தியானம் என்கிட்ட இருக்கட்டும்பா. நீ வேலையை விட்டுடாதே” என்றார். அவ்வளவுதான் சொன்னார். அதன்பின் பதினோரு மாதங்கள் என் மகள் அந்த வீட்டில் உண்டாள், அந்த வீட்டுப் பாயில் உறங்கினாள். அந்த வீட்டுச் செபத்தை மழலையில் சொல்லக் கற்றாள். இதற்கெல்லாம் நான் கொடுத்தது என்ன என்று இன்றுவரை என்னால் யோசிக்க முடியவில்லை... அவர்கள் எதையும் கேட்கவில்லை.

மருத்துவமனையில் நோயாளிகளைப் பார்க்கும் நேரம் பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு. செவ்வாய், வியாழன், சனி, ஞாயிறு. ஞாயிறு எனக்கு விடுமுறை. மற்ற மூன்று நாளும் அந்த நேரத்தில் நான் புல்வெளியில் இருக்கவேண்டியவன்.

முறையாகக் கேட்டிருக்கலாமே, பணிநேரத்தை மாற்றித் தந்திருப்பார்களே என்று நீங்கள் நினைப்பீர்கள். நானும் நினைத்ததுண்டு. ஆனால் என் வேலை அப்போது நிரந்தரமாகவில்லை. வீட்டில் காசநோய் என்று அலுவலகத்துக்குத் தெரிந்தால் என்னை அனுப்பிவிடுவார்கள் என்று அஞ்சினேன். அந்த அச்சத்துக்கு ஆதாரம் இருந்ததா? யாரையாவது அப்படி அனுப்பியதை நான் பார்த்திருந்தேனா? இல்லை. கேட்டுப் பார்க்கவே இல்லை. அக்காவிடமும் அலுவலகத்தில் யாருக்கும் சொல்லவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் சொல்லவில்லை.

முதல் செவ்வாய்க்கிழமை ஒரு மணிக் குறிப்பை எழுதிவிட்டுச் சைக்கிளை எடுத்தேன். ருக்மணி கூடத்தின் கடைசிக் கட்டிலில் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் எழுந்து உட்கார முயன்றாள். “வேலை நேரமாச்சே, எப்படிங்க வந்தீங்க?” என்று கேட்டாள். அனுமதி கொடுத்தார்கள் என்றேன். முதல் பொய்யை அவளிடம்தான் சொன்னேன்.

திரும்பி வந்தபோது மணி ஐந்தை நெருங்கியிருந்தது. பதிவேட்டில் இரண்டு, மூன்று, நான்கு என்று மூன்று கட்டங்கள் வெறுமையாக இருந்தன. அவற்றை எதைக்கொண்டு நிரப்புவது?

வழி என் மேசையிலேயே இருந்தது. எங்கள் அலுவலகத்தின் தலைமை அதிகாரி ஓர் ஆங்கிலேயர். நாங்கள் துரை என்போம். தீவில் பல இடங்களில் ஒரு நாளின் மிகக் குறைந்த வெப்பநிலையையும் மிக உயர்ந்த வெப்பநிலையையும் மட்டுமே அளந்தார்கள். அந்த இரண்டு எண்களை வைத்து இடைப்பட்ட மணிகளின் வெப்பநிலையை மதிப்பிட அவர் ஒரு சூத்திரம் அமைத்திருந்தார். விடியலில் தாழ்ந்து, பிற்பகலில் உச்சிக்கு ஏறி, மாலையில் இறங்கும் ஒரு சீரான வளைவு. கணிதத்தில் சைன் வளைவு என்பார்கள். அதை எளிய அட்டவணையாக்கி எல்லா நிலையங்களுக்கும் அனுப்பியிருந்தார்.

அந்த அட்டவணையைத்தான் பார்த்தேன். உச்ச வெப்பநிலையைக் காட்டும் வெப்பமானி பெட்டிக்குள் இருந்தது. நான் இல்லாத நேரத்து உச்சத்தையும் அது பிடித்து வைத்திருக்கும். அதைப் படித்து, அட்டவணையில் பொருத்தி, இரண்டு மணிக்கு இவ்வளவு, மூன்று மணிக்கு இவ்வளவு என்று எழுதினேன். ஐயம் வராதிருக்க, ஒரு டிகிரியில் இரண்டு மூன்று பத்திலொரு பங்கு கூட்டியோ குறைத்தோ வைத்தேன். ஒரே மையில், ஒரே கையெழுத்தில்!

வெப்பநிலையைத் தானே காகிதத்தில் வரையும் கருவி ஒன்று எங்களிடம் இருந்தது. அது பழுதாகி, உதிரிபாகத்துக்காகக் காத்துக் கிடந்தது. மழையைத் தானே வரையும் கருவி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் காகிதத்தைக் கழற்றி அனுப்புவதோடு சரி. அதை நான் பொருட்படுத்தவில்லை.

இப்படித்தான் வாரத்துக்கு மூன்று நாள்... பதினோரு மாதம்.

உண்மையைச் சொல்லவேண்டும்: அந்த மாதங்களில் எனக்குக் குற்றவுணர்வு அதிகமில்லை. நன்றிதான் இருந்தது. ருக்மணிக்கு ஊசி போட்ட தாதியர்மேல் நன்றி. எடை ஒரு பவுண்டு கூடியதாக எழுதிக் காட்டிய மருத்துவர்மேல் நன்றி. மரியம்மாமேல், என் பழைய சைக்கிள்மேல்கூட நன்றி. எண்பத்தேழு டிகிரிக்குப் பதில் எண்பத்தைந்து என்றிருந்தால் யாருக்கு என்ன நட்டம் என்று நினைத்தேன். வெறும் காற்றின் சூடுதானே! அதை யார் திரும்பிப் பார்க்கப்போகிறார்கள்?

திரும்பிப் பார்த்தார்கள்.

அடுத்த ஆண்டு, புதிய அடுக்குமாடிக் குடியிருப்புகளைத் திட்டமிடுகிறவர்கள் எங்கள் அலுவலகத்துக்கு எழுதினார்கள். தீவின் ஒவ்வொரு பகுதியிலும் மணிக்கு மணி எவ்வளவு வெப்பம் என்று தெரிந்தால் சன்னல்களை எப்படி வைப்பது, காற்றை எப்படி விடுவது என்று தீர்மானிக்கலாமாம். துரையின் சூத்திரத்தைப் பயன்படுத்தி எண்களைத் தருவதாக ஏற்பாடு. அப்போதுதான் பிலோமினா அக்கா ஒரு தாளோடு துரையின் அறைக்குப் போனார்.

அவரிடமும் ஒரு சூத்திரம் இருந்தது. வீட்டிலிருந்து, மாதக்கணக்கில், பழைய எண்களை வைத்து அவரே உருவாக்கியது. எனக்குப் பின்னர் எளிமையாக விளக்கினார். துரையின் வளைவு குளிர்நாட்டு நாளுக்குப் பொருந்தும். இங்கே ஒரு மழை வந்தால் பதினைந்து நிமிடத்தில் பத்து டிகிரி விழுகிறது. வளைவு அங்கே உடையவேண்டும். மேகம் எவ்வளவு, மழை எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் சேர்த்துக்கொண்டு, உடைய வேண்டிய இடத்தில் உடைந்து மீண்டும் ஏறும் ஒரு கோட்டை அவர் அமைத்திருந்தார்.

துரை நல்ல மனிதர். அதையும் நான் சொல்லவேண்டும். ஓர் எழுத்தர், அதிலும் பெண், தன் சூத்திரத்தைக் குறை சொல்கிறாரே என்று அவர் சினக்கவில்லை. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்ப்போம் என்றார். எது உண்மைக்கு நெருக்கமோ அதுவே அறிக்கையில் போகும். பிலோமினாவுடையது வென்றால் அவர் பெயரிலேயே போகும். இங்கிலாந்தில் இரண்டாண்டுப் பயிற்சிக்கும் அவரையே பரிந்துரைப்பேன் என்றார். அன்று மாலை அக்கா வீட்டுப் படியேறியபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும்.

ஒப்பிட ஓர் ஆண்டின் உண்மையான மணிக் குறிப்புகள் தேவை. ஒரு கட்டம்கூட விடுபடாத பதிவேடு எந்த நிலையத்தில் இருக்கிறது என்று தேடினார்கள்.

என்னுடையதில் இருந்தது.

பதிவேட்டைப் படித்துச் சொல்ல என்னையே தலைமை அலுவலகத்துக்கு அழைத்தார்கள். மூன்று வாரங்கள், ஒரு மேசையின் இருபுறமும் நானும் அக்காவும் உட்கார்ந்தோம். நான் எண்ணை வாசிப்பேன். அவர் கணக்குப் பொறியின் கைப்பிடியைச் சுழற்றுவார். துரையின் சூத்திரம் தரும் எண்ணுக்கும் பதிவேட்டு எண்ணுக்கும் உள்ள வித்தியாசம்; அதை அதனாலேயே பெருக்கினால் வருவது; அதைக் கூட்டு. அக்காவின் சூத்திரத்துக்கும் அதேபோல். கடைசியில் எதன் கூட்டுத்தொகை சிறியதோ அது வெல்லும்.

“செவ்வாய், மூன்று மணி, எண்பத்தேழு புள்ளி இரண்டு” என்று வாசித்தேன். என் குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்கு இன்றும் வியப்பு! துரையின் சூத்திரத்தைக்கொண்டு நானே செய்த எண்ணை, துரையின் சூத்திரம் சரியா என்று சோதிக்க நானே வாசித்துக்கொண்டிருந்தேன். பொருந்தாமல் எப்படிப் போகும்?

முதல் வாரமே எனக்கு விளங்கிவிட்டது. அப்போதே நிறுத்தியிருக்கலாம். ருக்மணிக்கு அந்த மாதம் கடைசிச் சோதனை. தேறினால் வீட்டுக்கு அனுப்புவார்கள். வேலை போனால் எங்கே போவோம் என்று நினைத்தேன். இன்னும் இரண்டு வாரம், அதன்பின் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே வாசித்தேன்.

கூட்டுத்தொகை வந்தது. காலையிலும் மாலையிலும் அக்காவின் சூத்திரம் முந்தியிருந்தது. பல பிற்பகல்களில் துரையின் சூத்திரம் ஏறக்குறைய பிழையே இல்லாமல் பொருந்தியது. மொத்தத்தில் துரையுடையது வென்றது.

அக்கா தோல்வியை ஏற்றுக்கொள்ளாமல் இருக்கவில்லை. காரணம் தெரியாமல் விடத்தான் அவரால் முடியவில்லை. மறுநாள் பழைய மழைக் காகிதங்களை எடுத்துவரச் சொன்னார். மாலை நான்கு மணியளவில் ஒரு காகிதத்தையும் என் பதிவேட்டையும் கொண்டுவந்து என் முன் அருகருகே வைத்தார். அறையில் வேறு யாருமில்லை.

ஒரு வியாழக்கிழமை. மழைக் கோடு இரண்டு மணி பத்து நிமிடத்தில் செங்குத்தாக எழுந்து, மூன்று மணிவரை ஏறிக்கொண்டே போயிருந்தது. நல்ல மழை. பதிவேட்டில் மூன்று மணிக்கு, என் கையெழுத்தில், எண்பத்தேழு புள்ளி நான்கு.

அன்று மருத்துவமனையில் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. புல்வெளியில் மழை கொட்டியது எனக்கு எப்படித் தெரியும்? இந்த ஊர் மழை ஒரு தெருவில் பெய்து அடுத்த தெருவை விட்டுவிடும். ஐந்து மணிக்கு நான் திரும்பியபோது தரை ஈரமாக இருந்திருக்கும்... நான் பார்க்கவில்லை போலும்.

“தம்பி, அன்னைக்கு டூட்டி நீங்கதானே?”

“ஆமாக்கா.”

“மழை பெஞ்சுதா?”

“ஞாபகம் இல்லக்கா.”

அவர் என்னைப் பார்க்கவில்லை. காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறன்று அவரும் ருக்மணியைப் பார்க்க வந்திருந்தார். அப்போது ருக்மணி, வாரத்தில் மூன்று நாள் பிற்பகலில் நான் வந்துவிடுவதாக மகிழ்ச்சியோடு சொல்லியிருக்கிறாள். அது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது. அந்த நொடியில் அக்காவுக்கு எல்லாம் ஒன்றுசேர்ந்திருக்கவேண்டும்.

“டாக்டர் என்ன சொன்னாரு? ருக்மணியை எப்ப வீட்டுக்கு அனுப்புறாங்க?” என்று கேட்டார்.

“அடுத்த வாரம்னு சொன்னாருக்கா.”

“சரி” என்றார். மழைக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

என்னை நேராகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா? எனக்குத் தெரியவில்லை. ஆனால் மறுநாள் கேட்கப்பட்டது. துரை எங்களை அறைக்கு அழைத்து, அறிக்கை எழுதுவதற்கு முன் குறிப்புகளில் ஐயம் ஏதேனும் உண்டா என்று வினவினார். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார். கோபத்தோடு அல்ல. காத்திருந்தார். சுவரில் மின்விசிறி சுழன்றுகொண்டிருந்தது. என் வாயிலிருந்து ஒரு சொல் வருவதற்கு அவர் கொடுத்த நேரம் அது.

நான் என் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஐயம் இல்லை என்று அக்காவே சொன்னார்.

நீங்கள் என்னைத் தீர்ப்பிடுவதானால், மருத்துவமனைக்குப் போனதற்காகத் தீர்ப்பிடவேண்டாம். அதை நான் மறுபடியும் செய்வேன். அந்த அறையில், அந்த அரை நிமிடத்தில், ஒரு பெண்ணை எனக்காகப் பொய் சொல்ல விட்டேனே... அதற்காகத் தீர்ப்பிடுங்கள்.

அறிக்கை துரையின் சூத்திரத்தோடு போனது. பயிற்சிக்கு வேறொருவர் கப்பலேறினார். சில மாதங்களில் அக்கா வேலையை விட்டு, கன்னியாஸ்திரீகள் நடத்தும் ஒரு பெண்கள் பள்ளியில் கணித ஆசிரியையாகச் சேர்ந்தார். யாரிடமும் காரணம் சொல்லவில்லை.

ருக்மணி வீட்டுக்கு வந்தாள். அவள் படியேறி வந்த அன்று மரியம்மா வள்ளியைக் குளிப்பாட்டி, தலைவாரி, புதுச் சட்டை போட்டு எதிரே நிறுத்தினார். குழந்தை தாயை அடையாளம் கண்டுகொள்ளாமல் மரியம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டது. “போடா கண்ணு, அதான் உங்கம்மா” என்று அவரே கையை விடுவித்து அனுப்பினார். பின்னால் அக்கா நின்றிருந்தார். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். என் வேலையும் அந்த மாதமே நிரந்தரமானது.

அதன்பின் எங்களுக்கு எல்லாம் நல்லதாகவே நடந்தது. ருக்மணிக்கு நோய் திரும்பவில்லை. ஒரு மகன் பிறந்தான். எனக்குப் பதவி உயர்ந்தது. நாடு மாறியது, துரை ஊர் திரும்பினார், எங்களுக்குத் தோ பாயோவில் புதிய அடுக்குமாடி வீடு கிடைத்தது. குழாயைத் திருகினால் தண்ணீர். காற்று வரும் சன்னல். ஒவ்வொரு நன்மை வரும்போதும் என் நெஞ்சு நன்றியால் நிறையும். அந்த நன்றி கடைசியில் எந்த வீட்டு வாசலில் போய் நிற்கும் என்றும் எனக்குத் தெரியும். அதனாலேயே எந்த மகிழ்ச்சியையும் என்னால் முழுதாக அனுபவிக்க முடிந்ததில்லை.

சென்ற ஆண்டு எங்கள் அலுவலகத்தின் இளம் அதிகாரி ஒருவர், உள்ளூர்க்காரர், அந்தப் பழைய ஒப்பீட்டை மீண்டும் செய்தார். இப்போது எல்லா இடங்களிலும் தானே வரையும் கருவிகள் இருக்கின்றன. மழை நாளின் பிற்பகல்களில் துரையின் சூத்திரம் வெகுவாகத் தவறுகிறது என்று கண்டார். மழை நேரத்தைச் சேர்த்து ஒரு புதுச் சூத்திரத்தைத் தாமே அமைத்துக் கூட்டத்தில் விளக்கினார். கரும்பலகையில் அவர் வரைந்த கோட்டைப் பார்த்தேன். உடைந்து, இறங்கி, மீண்டும் ஏறும் கோடு. எல்லாரும் பாராட்டினார்கள். நானும் கைதட்டினேன்.

அன்று மாலை வீட்டுக்குப் போகாமல் நேரே பழைய தெருவுக்குப் போனேன். மரியம்மா காலமாகி இரண்டாண்டு ஆகிவிட்டது. அக்கா தனியாக, மேசையில் மாணவிகளின் நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தார். கதவருகே நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு மணிக்குக் கிளம்பியது, அட்டவணை, மூன்று கட்டங்கள், துரையின் அறை... எல்லாம். அழுதுவிட்டேன்.

அவர் பேனாவை மூடிவைத்தார்.

“தெரியும் தம்பி. உட்காருங்க.”

“என்னை மன்னிச்சிடுங்கக்கா.”

நாற்காலியை என் பக்கம் நகர்த்தினார். “அன்னைக்கு நான் சொல்லியிருந்தா உங்க வேலை போயிருக்கும். ருக்மணி வீட்டுக்கு வர்ற வாரம். நான் யோசிச்சுதான் சொல்லாம விட்டேன். அது நான் எடுத்த முடிவு. அதுக்கு நீங்க வந்து மன்னிப்புக் கேக்கக்கூடாது” என்றார். பிறகு, “ஆனா அந்த நம்பர் இன்னும் அந்தப் புத்தகத்துல இருக்குல்ல? யாராவது அதை நம்பிக் கணக்குப் போடுவாங்க. நான் மன்னிச்சா அது சரியாயிடுமா? போய் அதைத் திருத்துங்க, போதும்” என்றார்.

இங்கிலாந்தைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்தார்.

மறுநாளே பழைய பதிவேடுகள் இருந்த அறைக்குப் போய் அந்த ஆண்டின் தொகுதியை எடுத்தேன். பொய்யான எண்களை மட்டும் அடையாளமிட்டுக் கொடுத்துவிடலாம் என்றுதான் போனேன். ஆனால் முடியவில்லை! செவ்வாய், வியாழன், சனி என்று விரல்விட்டுப் பார்த்தேன். ஆனால் சில செவ்வாய்களில் நான் போகவில்லை. எனக்குக் காய்ச்சலடித்த நாள் உண்டு, பார்வையாளர்களை அனுமதிக்காத நாள் உண்டு. சில புதன்கிழமைகளில் ருக்மணிக்கு உடல்நிலை மோசமென்று ஓடியிருக்கிறேன். மாதங்கள் போகப்போக என் பொய் எண்கள் மெய் எண்களைப் போலவே தேறியிருந்தன. நான் வெயிலில் நின்று பார்த்து எழுதியது எது, நாற்காலியில் உட்கார்ந்து எழுதியது எது என்று எனக்கே தெரியவில்லை.

இளம் அதிகாரியிடம் போனேன். அந்தப் பதினோரு மாதங்களின் பிற்பகல் குறிப்புகளை நம்பவேண்டாம் என்றேன்.

“ஏன்? என்ன பிரச்சினை?” என்று கேட்டார்.

உங்களிடம் இப்போது சொன்னதுபோல் அவரிடமும் சொல்லத்தான் போயிருந்தேன். வழியெல்லாம் சொற்களை அடுக்கிக்கொண்டே போனேன். அவர் மரியாதையோடு எழுந்து நின்று கேட்டார். அலுவலகத்தில் நான் இப்போது மூத்தவன். புதியவர்களுக்குக் குறிப்பெழுதும் ஒழுங்கைச் சொல்லிக்கொடுப்பவன்.

“தெர்மாமீட்டர் கோளாறு” என்றேன்.

அவர் நம்பினார். நன்றி சொன்னார். அந்தப் பக்கங்களின் தலைப்பில், கருவிக் கோளாறு, பயன்படுத்தவேண்டாம் என்று எழுதிக் கையெழுத்திட்டார். அச்சாகிப் பிற நாடுகளுக்குப் போன பிரதிகளை ஒன்றும் செய்யமுடியாது, இருந்தாலும் ஒரு கடிதம் அனுப்பலாம் என்றார். எந்தக் குறையும் இல்லாத ஒரு வெப்பமானி என் பழியைச் சுமந்துகொண்டு இப்போது அந்தப் பதிவேட்டில் இருக்கிறது. நான் உண்மையாகவே அளந்த நாட்களும் அதோடு சேர்ந்து செல்லாமற்போயின.

ஞாயிற்றுக்கிழமை ருக்மணி அக்காவை மதியச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தாள். சாப்பிட்டபின் சன்னலருகே நாற்காலியைப் போட்டு அவரை உட்காரவைத்து, தேநீர் கொடுத்தாள். வள்ளி ஓடிவந்து அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். ருக்மணிக்கு இந்தக் கதையில் எதுவும் தெரியாது. மரியம்மா வளர்த்த பிள்ளை என்று வள்ளியின் தலையைத் தடவிக்கொண்டே நன்றியோடு அக்காவிடம் பேசிக்கொண்டிருந்தாள்.

அவள் அடுக்களைக்குப் போனதும் அக்கா என்னைப் பார்த்தார்.

“திருத்திட்டீங்களா தம்பி?”

“எழுதி வெச்சுட்டாங்கக்கா” என்றேன்.

என்ன எழுதினார்கள் என்று அவர் கேட்கவில்லை. “நல்லது” என்று சொல்லிவிட்டுத் தேநீரைக் குடித்தார்.